காரம் செய்யாத குற்றம்

எங்கள் பக்கத்தில் யாருக்கு வயிறு எரிந்தாலும் குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். காரம்தான். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி என்று எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் சொந்தபந்தம் வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் "ஆந்திரா காரம் குடலை அறுத்துடும்" என்பார்கள். நகரிக்காரர்களோ தங்கள் ஊறுகாயை விட்டுவிட்டு வெளிக்கடை பிரியாணியைக் கைகாட்டுவார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே இடம், நோயாளி வாயைக் கட்டாமல் விட்டதால்தான் நோய் வந்தது என்பது. என் பெரியம்மா இந்தத் தீர்ப்பின்கீழ் வருடக்கணக்காக வாழ்ந்தார். நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். சோற்றில் கோங்குரா பச்சடி போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவர், தயிர் சாதத்துக்கும் மிளகாய் போடாத பாசிப்பருப்புக்கும் இறங்கி வந்துவிட்டார். வலி மட்டும் இறங்கவில்லை. நடு இரவில் எழுப்பிவிடும். ஒரு டம்ளர் பால் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி வரும். நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த வலியைச் சொல்வதற்காக மட்டும் அல்ல. அந்த வலிக்கு அவரையே பொறுப்பாக்கிய பேச்சு எனக்குள் அடங்க மறுத்தது. அதன் பின்னால் இருந்த உண்மையான கணக்கை ஒரு மருத்துவர் வெளியே எடுத்துப் போட்ட விதமும் அப்படியே நின்றுவிட்டது.

எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சின்னத் துணுக்கை மஞ்சள் நிறக் களிம்பில் வைத்தபோது அது இளஞ்சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், அந்த அம்மோனியாதான் நிறத்தை மாற்றுகிறது. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வகத்தில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடந்ததால்தான் மெதுவாக வளரும் இந்தக் கிருமி கண்ணில் பட்டது. நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் 1984-இல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று இந்தக் கிருமி, மற்றொன்று மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் விழுங்கும் வலி மாத்திரை. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவது அது அல்ல. இவ்வளவு தெரிந்த பிறகும் எங்கள் வீடுகளில் கோங்குராதான் கூண்டில் நிற்கிறது.

முதல் வைத்தியம் வழக்கமான கிட். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றும் ஒரே அட்டையில், காலைக்கு இது இரவுக்கு இது என்று பிரித்து வைத்திருப்பார்கள். பெரியம்மா ஒரு வேளை தவறவில்லை. அவர் மாத்திரை விஷயத்தில் அப்படித்தான், தறி நின்றாலும் வேளை நிற்காது. வலி போனது. கோங்குரா திரும்பவில்லை என்றாலும் முகம் தெளிந்தது. சில மாதத்தில் நடு இரவு எழுப்பல் மறுபடி ஆரம்பித்தது. மூச்சுப் பரிசோதனை செய்ததில் கிருமி இன்னும் உள்ளேயே இருந்தது. "இது பிடிவாதமான கிருமிம்மா, அதே கோர்ஸ் இன்னொரு தரம் போடுவோம்" என்றார்கள் அந்த மருத்துவமனையில். வீட்டிலோ, இடையில் ஒரு கல்யாண வீட்டில் அவர் இலையில் விழுந்த ஆவக்காய்த் துண்டு பேச்சுக்கு வந்தது. ஒருவர் கிருமியைப் பிடிவாதம் என்றார்கள், மற்றவர் பெரியம்மாவை. இரண்டு பேச்சிலும் ஒரே குறை இருந்தது. ஏன் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பையைக் கொட்டிய மேஜை

அண்ணி வற்புறுத்தி இன்னொரு ஊரில் ஒரு கேஸ்ட்ரோ டாக்டரிடம் அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அந்த டாக்டரம்மா எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு கேட்டது வயிற்றைப் பற்றி இல்லை.

"அம்மா, இந்த நாலஞ்சு வருஷத்துல சளி, இருமல், ஜுரம், பேதின்னு எதுக்காவது மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்களா? என்ன மாத்திரைன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு டாக்டரம்மா, அட்டையே இருக்கு" என்றார் பெரியம்மா.

அவர் எங்கே போனாலும் எடுத்துப்போகும் துணிக்கடைப் பைக்குள் இன்னொரு பை இருந்தது. தீர்ந்த அட்டை, பாதி மிச்சமிருந்த அட்டை, மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. மறுபடி சளி பிடித்தால் அதையே காட்டி வாங்கலாம் என்று வைத்திருந்தவை. எங்கள் பக்கத்தில் இதில் விநோதம் எதுவும் இல்லை. "ஜுரத்துக்கு ரெண்டு வேளை குடுங்க" என்று கேட்பதும், கடைக்காரர் நாலு நிற மாத்திரையைப் பேப்பரில் மடித்து ஒரு செட்டாகக் கொடுப்பதும் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசியில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருமல் விட்டு விட்டு வரும். கூலி நாள் போய்விடக்கூடாது என்பதால் டாக்டரிடம் போய்க் காத்திருக்க மாட்டார்கள். பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

டாக்டரம்மா அட்டைகளை மேஜையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்தார். எனக்கு அந்த மேஜை இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் குவியலில் அசித்ரோமைசின், இருமலுக்கும் தொண்டை வலிக்கும் கொடுத்தது. அதுதான் பெரிய குவியல். இரண்டாவதில் மெட்ரோனிடசோல், பேதிக்குக் கொடுத்தது. மூன்றாவதில் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, அதுவும் பேதிக்குத்தான். பிறகு ஒவ்வொரு குவியலாகத் தொட்டு விளக்கினார். அசித்ரோமைசினும் கிட்டில் இருந்த கிளாரித்ரோமைசினும் ஒரே வம்சம். இருமலுக்காக விழுங்கிய ஒவ்வொரு தடவையும் இரைப்பையில் குடியிருந்த கிருமிக்கும் அந்த மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கொல்லப் போதாது, பழக்கிவிடப் போதும். அப்படிப் பழகிய கிருமிக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்தால் அது அசையாது. அதே கோர்ஸை இன்னொரு முறை போட்டால் பணமும் குடலும்தான் வீண். ஆர்னிடசோல், மெட்ரோனிடசோலின் உறவு. ஓஃப்ளாக்சசின், இரண்டாம் கட்ட வைத்தியத்தில் பலர் எழுதும் லீவோஃப்ளாக்சசினின் உறவு. கிருமியைக் கொல்ல வேண்டிய ஆயுதங்களில் மூன்று வம்சம் வேறு வேறு நோய்க்காகக் கடையிலேயே செலவாகிப் போயிருந்தன.

இது அவருடைய சொந்த யூகம் அல்ல. ஒருவர் முன்பு எந்த நோய்க்காகவாவது இந்த வம்ச மருந்தைச் சாப்பிட்டிருந்தால் கிளாரித்ரோமைசினைத் தவிர்க்க வேண்டும் என்பதும், ஒருமுறை தோற்ற கிளாரித்ரோமைசினைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதும் உலக அளவிலான வழிகாட்டிகளில் எழுதப்பட்டிருப்பவை. ஒரு வட்டாரத்தில் கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், சோதித்துப் பார்க்காமல் அந்த மூன்று மருந்துக் கூட்டை எழுத வேண்டாம் என்பது ஐரோப்பிய வல்லுநர்களின் மாஸ்ட்ரிக்ட் அறிக்கை. இவ்வளவு எழுதப்பட்டிருந்தும் அந்தக் கேள்வி பெரியம்மாவிடம் அதுவரை கேட்கப்படவில்லை. ஒரு ஸ்கேனும் தேவையில்லாத, ஒரு ரூபாயும் செலவில்லாத கேள்வி. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். கிருமிக்குப் பிடிவாதம் என்று ஒரு குணம் கிடையாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அந்த வரலாறு நோயாளியின் பையிலேயே இருந்தது.

பழைய மருந்தின் பலம்

டாக்டரம்மா எழுதியது நாலு மருந்துக் கூட்டு, 14 நாள். அமிலத்தை அடக்கும் மாத்திரை காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றும் பகலில் பிரித்துப் பிரித்து. இதில் எதுவும் புதிது இல்லை. வயிற்றுக் கோளாறுக்கு பிஸ்மத் உப்புகளைக் கொடுப்பது கிருமிகளைப் பற்றி மருத்துவம் அறிவதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். பேதி அட்டையில் மெட்ரோனிடசோல் ஏற்கெனவே இருக்கிறதே என்று நான் கேட்டேன். அளவைக் கூட்டி, நாளைக் கூட்டி, பிஸ்மத்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது அந்த எதிர்ப்பைப் பெருமளவு கடந்துவிடலாம், கிளாரித்ரோமைசினில் அப்படிச் செய்ய முடியாது என்றார். பிஸ்மத்துக்கு இந்தக் கிருமி இதுவரை பழகியதாகத் தெரியவில்லை. அது ஒரே இடத்தில் தாக்காமல் கிருமியின் சுவர், நொதிகள் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குகிறது.

டெட்ராசைக்ளின் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிளாரித்ரோமைசின் கிருமியின் புரதத் தொழிற்சாலையில் ஓரிடத்தில் போய் ஒட்டுகிறது. அந்த இடத்துக்கான மரபுக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. டெட்ராசைக்ளினை நன்றாக எதிர்க்க வேண்டுமானால் அடுத்தடுத்த மூன்று எழுத்துகள் ஒருசேர மாற வேண்டும். அது அபூர்வமாகத்தான் நடக்கும். அதனால்தான் எழுபது வருடத்துக்கும் மேல் பழைய அந்த மருந்து இன்றும் இந்தக் கிருமியிடம் எடுபடுகிறது. அமில மாத்திரையின் வேலையும் எரிச்சல் தணிப்பது மட்டும் இல்லை. அமிலம் கடுமையாக இருக்கும்போது இந்தக் கிருமி, கோடையில் ஓட்டுக்குள் ஒடுங்கும் நத்தைபோலப் பெருகாமல் கிடக்கும். பெருகாத கிருமியை அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் தொடுவதில்லை. அமிலத்தைக் குறைத்தால் அது வெளியே வந்து பெருகத் தொடங்கும், அப்போதுதான் அடி விழும். "வலிதான் இல்லையே, கேஸ் மாத்திரையை விட்டுடலாமா" என்று கோர்ஸுக்கு நடுவில் கேட்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

டெட்ராசைக்ளின் வம்சத்தின் முதல் மருந்து ஆரியோமைசின். அது 1948-இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்தது. கண்டெடுத்தவர் பெஞ்சமின் டகர். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனதும், அவரையே படுக்கையில் தள்ளியதும் ஒரு தீராக் குடல் நோய்தான். ஆங்கில மருத்துவத்தில் ஸ்ப்ரூ, நம் பாட்டிகள் கிராணி என்று சொன்னது. அவர் அப்போது பிழைத்தது ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தால். பின்னாளில் லெடர்லேயில் அவர் குழு போலிக் அமிலத்தைத் தயாரிக்கும் வழியைக் கண்டது. இன்று கிராணிக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் மருந்துகள் எவை என்றால், போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். 1960-களின் தொடக்கத்தில் எங்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அந்தக் கிராணி கொள்ளைநோய்போல ஊர் ஊராக வந்தது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களுக்குப் போய்ப் பதிவு செய்தவை இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. இந்த மண்ணின் வயிற்றுக்கும் அந்த மருந்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கிறது.

அந்த மருந்தைத்தான் எங்கள் பக்கத்துக் கடைகளில் வாங்க முடியவில்லை. நகரி, புத்தூர், திருத்தணி என்று கேட்டுக்கொண்டே போனேன். "அதெல்லாம் இப்போ யாரும் எழுதறதில்ல சார், மூவ்மென்ட் இல்ல, டாக்சி தரட்டுமா, அதே ஃபேமிலிதான்" என்றார்கள். டாக்சிசைக்ளின் அதே வம்சம்தான், நல்ல மருந்துதான், ஆனால் இந்தக் கிருமியிடம் அதே பலன் தருவதில்லை, மாற்றக்கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கடைசியில் ஒரு மொத்தக் கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். விலை மலிவு என்பதாலேயே ஒரு மருந்து அலமாரியிலிருந்து இறங்கிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அசித்ரோமைசின் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிற தெருவில் டெட்ராசைக்ளின் கிடைக்காமல் போவது நோயாளியின் விதி இல்லை. மாவட்ட மருத்துவமனைகளின் மருந்துக் கிடங்கிலாவது பிஸ்மத்தும் டெட்ராசைக்ளினும் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு மாநில அரசுகளிடமும் நான் கேட்பது அது.

வேறு வழிகளும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த வோனோபிரசான் அமிலத்தை இன்னும் பலமாக அடக்குகிறது. அதோடு அதிக அளவு அமாக்சிசிலின் மட்டும் சேர்த்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. ரிஃபாபுட்டினும் வேலை செய்யும், ஆனால் அது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் நெருங்கிய உறவு. காசநோய் இவ்வளவு உள்ள நம் நாட்டில் அதைக் கைவசம் கடைசியாக வைத்திருப்பதே நல்லது என்ற டாக்டரம்மாவின் கருத்து எனக்கும் சரியென்றே படுகிறது.

கோர்ஸ் நடந்த நாட்கள் சுலபமாக இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மாத்திரை. வாயில் இரும்பை நக்கியதுபோன்ற சுவை என்றார் பெரியம்மா, அது மெட்ரோனிடசோலின் வேலை. நாக்கும் மலமும் கறுத்தன, அது பிஸ்மத். முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை. ஆனால் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மலம் தார்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, தலைச்சுற்றலோடு போனால் அது புண்ணிலிருந்து ரத்தம் கசிவது. அப்போது பிஸ்மத் என்று நினைத்து வீட்டில் இருக்கக்கூடாது. பெரிய சிக்கல் பாலில் வந்தது. இத்தனை வருடம் வலிக்கு ஆறுதலாக இருந்த பால், டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் பாலுக்கும் தயிருக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அண்ணி சமையலறைக் காலண்டரில் மணி போட்டு எழுதி ஒட்டினார். ஒரு நாள் குமட்டல் தாங்காமல், "போதும் நைனா, செத்தா சாகறேன்" என்றார் பெரியம்மா என்னிடம். மேஜையில் கிடந்த அந்த மூன்று குவியலை ஞாபகப்படுத்தினேன். இந்தத் தடவை பாதியில் நிறுத்தினால் நாலாவது குவியலும் சேர்ந்துவிடும் என்றேன். அதற்கு அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போய்விட்டதா என்று பார்ப்பது

முதல் வைத்தியத்தில் விட்டுப்போன இன்னொன்றும் இந்த முறை நடந்தது. வலி போனதை வைத்துக் கிருமி போனதாக முடிவு கட்டக்கூடாது. கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரைக்குப் பிறகு குறைந்தது நாலு வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். நிறுத்தாமல் செய்தால் கிருமி உள்ளே இருந்தாலும் பரிசோதனையில் சிக்காமல், இல்லை என்று பொய்யாகக் காட்டும். பெரியம்மா ஊதிய பையில் கிருமி இல்லை என்று வந்தது. அன்றைக்கு வீட்டில் ஆவக்காயைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 முதல் எச்-1 அட்டவணையில் உள்ள மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்ற பிரசாரம் 2016-இல் வந்தது. பெரியம்மாவின் பையில் இருந்த அட்டைகளிலும் அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. கேரளத்தில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்று பெயர் வைத்துச் சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் சோதனை போட்டார்கள், ஆன்டிபயாடிக்கைத் தனியாக நீல உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்தில் எல்லைக்கு இரண்டு புறமும் அதே அளவு அக்கறை வர வேண்டும். அது வரும்வரை, தீர்ந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறேன். அதைக் காட்டி மறுபடி வாங்குவதற்கு அல்ல.

வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்துவிடலாமா என்று அண்ணி கேட்டார். ஒரே வீட்டுக்குள், அதுவும் சின்ன வயதில், இந்தக் கிருமி பரவுவது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் பாதிப்பேருக்கும் மேல் இது உள்ளே இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் இன்னும் பல மேஜைகளில் குவியல்கள் சேரும் என்றார் டாக்டரம்மா. பிள்ளைகளுக்கு வேண்டாம், புண்ணுக்கான அறிகுறி இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்றார். அண்ணனுக்கு மட்டும் பார்த்துவிடச் சொன்னார். தறியில் நின்று நின்று இடுப்புவலிக்கு அவர் தினமும் வலி மாத்திரை போடுகிறார், வலி மாத்திரையும் இந்தக் கிருமியும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பும் ரத்தம் கசியும் வாய்ப்பும் கூடிவிடும். அண்ணன் இன்னும் போகவில்லை. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார். ஆர்டர் முடிந்ததும் நானே அழைத்துப் போகப்போகிறேன், அவருடைய மாத்திரை அட்டைகளை அண்ணி இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.